டீச்சர் இறங்கி நடந்த ஏற்றம்

லிந்துலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் பாதையில், மதகை ஒட்டிய ஒரு வளைவில் டீச்சர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்பில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீழே தேயிலைக்குள் பனி மேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஏற்றத்தில் இறங்கி நடப்பவள் எப்போதும் நான்தான். அவர் ஒரு நாளும் இறங்கியதில்லை. அன்று அதிசயமாக எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவருடைய செயின் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்த்த எனக்கு, வேறு யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. "என்னங்க டீச்சர், செயின் கழண்டிருச்சா?" என்று கேட்டேன். "இல்ல தங்கச்சி. நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்" என்றார். பாடசாலையில் என்னையும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாதையில் மட்டும் நான் அவருக்குத் தங்கச்சி.

நாங்கள் சைக்கிளில் ஏறியதே ஆசைப்பட்டு அல்ல. பெற்றோலும் டீசலும் இல்லாமல் நாடு நின்றுபோயிருந்த காலம் அது. லிந்துலையில் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வராமல் போய், வெயில் ஏறிய பிறகு நடக்கத் தொடங்கி, இரண்டாம் பாடத்துக்கும் போய்ச் சேராமல் இருந்த நாட்கள். எங்களுடையது நானுஓயாவுக்குப் போகும் வழியில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலை. அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் தமிழ். ஒருநாள் நடந்து களைத்து மதகில் உட்கார்ந்திருந்தபோது அவர்தான் சொன்னார்: "நுவரெலியாவுல வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு விடுற சைக்கிள் எல்லாம் சும்மாதானே கெடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்தா என்ன?" அவருடைய முதல் நியமனம் யாழ்ப்பாணப் பக்கம். நான் கல்வியியற் கல்லூரி படித்தது மட்டக்களப்பில். இரண்டு பேரும் சமதரையில் ஓட்டப் பழகியவர்கள். மலையில் பெண்கள் சைக்கிள் ஓட்டி நாங்கள் பார்த்ததில்லை. ஆண்களே மரக்கறி மூட்டையை ஏற்றித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

சுற்றுலாக்காரர்கள் வராமல் நொந்துபோயிருந்த கடைக்காரர், கியர் வைத்த சைக்கிள் இரண்டையும் ஹெல்மட்டோடு சேர்த்துச் சந்தோஷமாகவே கொடுத்தார். முதல் கிழமை எங்கள் ஊர் முழுக்க எங்களைத்தான் வேடிக்கை பார்த்தது. சேலை பையில் இருக்கும். சுடிதாரில் ஓட்டிப் போய், விஞ்ஞான ஆய்வுகூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு சேலைக்கு மாறுவோம். கசங்கிய கொசுவத்தை ஒருவருக்கொருவர் நீவிவிடுவோம். "இது பாடசாலையா, குதிரைப் பந்தயத் திடலா?" என்று எங்கள் பாடசாலை அதிபர் ஒரு தடவை கேட்டார். "குதிரைக்காவது புல்லு கெடைக்குதுங்க சேர்" என்று டீச்சர் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் இருந்து கத்துவார்கள். "சின்ன டீச்சர் எறங்கிட்டாங்கடி!" என்று ஒரு குரல் வரும். சின்ன டீச்சர் நான்தான். பெரிய டீச்சர் அதற்குள் அடுத்த வளைவில் இருப்பார். "ஏத்தத்தப் பாக்காதீங்க, தங்கச்சி. முன் சக்கரத்த மட்டும் பாருங்க" என்று மேலிருந்து சொல்வார். நான் முன் சக்கரத்தைப் பார்ப்பேன். அது நகராமல் நிற்பதுபோலவே இருக்கும்.

எண்ணெய் வந்தது, பஸ் வந்தது. மற்றவர்கள் எல்லாம் பழையபடி பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்கள். நாங்கள் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கடைக்காரரிடம் பேசி விலைக்கே வாங்கிக்கொண்டோம். சனிக்கிழமைகளில் பாடசாலையைத் தாண்டிப் போக ஆரம்பித்தோம். அவருடைய கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மகள் சனிக்கிழமை ரியூஷனுக்குப் போய்விடுவாள். "கால் சும்மா இருந்தா மனசு கண்டதையும் நெனைக்குது" என்பார். அக்கரப்பத்தனைப் பாதையில் போனோம். தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாப் பக்கம் இறங்கி, கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தகடுபோல் மின்னுவதைப் பார்த்து நின்று, இறங்கிய அத்தனையையும் திரும்ப ஏற வேண்டுமே என்று நான் அழாத குறையாக நின்றதும் உண்டு. அன்று அவர் தன் பங்கு ரொட்டியையும் சம்பலோடு எனக்கே தந்துவிட்டார். அம்பேவெலப் பக்கம் போவதுதான் அவருக்கு மிகவும் பிடிக்கும். தேயிலை முடிந்து, பைன் மரங்கள் வந்து, பிறகு மாடுகள் மேயும் புல்வெளி திறக்கும். காற்று முகத்தில் அறையும். அங்கிருந்து பட்டிப்பொல வரை போய்த் திரும்பிவிடுவோம். அதற்கு மேலே காட்டுக்குள் ஏறிப் போகிற பாதைதான் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறது. அந்த ஏற்றத்தை எங்களால் முடியாது என்று நான் சொல்வேன். "முடியும். டிசம்பர் லீவுல பாப்போம்" என்பார் அவர். மலையிலேயே பிறந்து வளர்ந்தும் அவர் அந்தச் சமவெளியைப் பார்த்ததே இல்லை. அவர் பிறந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாருமே பார்த்ததில்லை.

அவர் மதகருகே இறங்கி நின்றது அந்த டிசம்பருக்கு முன்புதான். அன்றைக்கு, சாப்பாடு சரியில்லை என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதே ஏற்றத்தில் இறங்கினார், இந்த முறை இன்னும் கீழேயே. ஆய்வுகூடப் படியில் ஏறும்போது இருமினார். இரவில் படுத்தால் மூச்சு முட்டுவதாகவும், தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்குவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் விடவில்லை. அரை நாள் லீவு போட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர் அதிக நேரம் கேட்டார். பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டிக்கு டீச்சருடைய அம்மாவும் வந்திருந்தார். கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர், மகளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், ஒரு துண்டுத்தாளில் படம் வரைந்து, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது. அப்போது மூட்டுக்கு மூட்டு வலி இருந்திருக்குமே என்று கேட்டார். டீச்சர் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அம்மா கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டே இருந்தார். "வளர்ற புள்ளைக்கு வர்ற நோவுன்னு எல்லாரும் சொன்னாங்களே. எண்ணெ காச்சித் தடவி விட்டேனே" என்றார் கடைசியில். டீச்சர் குனிந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்குப் போகாம என் கால அமுக்கிவிட்டுக்கிட்டு இருந்தீங்கம்மா. எனக்கு ஞாபகம் இருக்கு. வேற என்ன செய்ய முடியும் அந்த லயத்துல?" எப்போதிருந்து மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் கேட்டார். சைக்கிளில் மலை ஏறும்போதுதான் தெரிந்தது என்று டீச்சர் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இந்த இதயத்தோடா என்று கேட்டார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு, இனி ஏறக் கூடாது, ஒரு சின்ன மேடுகூட வேண்டாம் என்றார்.

ஆபரேசனுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. டிசம்பர் லீவு வந்தது. டீச்சர் சமவெளிப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் அவருடைய தம்பியிடம் பேசினேன். தம்பி நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் வேன் ஓட்டுபவர். ஒரு காலையில் இரண்டு சைக்கிளையும் பின்னால் ஏற்றி, எங்களையும் மகளையும் ஏற்றிக்கொண்டு சமவெளிக்கே கொண்டுபோனார். பனி விலகியபோது அவ்வளவு அகலமான இடத்தை நான் எங்கள் மலைநாட்டில் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்கு எதிரே ஒரு மலை நிற்கும். அங்கே புல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் மரைமான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தன. டீச்சர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார், பிறகு நின்றுவிட்டார். "ஏறி வந்து பாத்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்ல?" என்றார். "ஆபரேசன் முடியட்டுங்க டீச்சர். ஏறியே வருவோம்" என்றேன். "என்னையத் தள்ளிக்கிட்டு வர உங்களுக்கு மூச்சு இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். மகள் கொஞ்சம் தள்ளி நின்று எங்களைப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் இரண்டு பேருடைய முகத்தையும் காற்றில் பறந்த சால்வை மறைத்துவிட்டது.

திரும்பும்போது சமவெளியின் நுழைவாசலுக்கு வெளியே சைக்கிளை இறக்கினோம். இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை, டாக்டர் சொன்னதை மீறியதாகாது என்று தம்பியைச் சமாதானப்படுத்தினோம். அவர் வேனை எங்களுக்குப் பின்னால் ஊர்ந்துவரச் செய்தார். டீச்சர் முன்னால் போனார். காட்டுக்குள் ஈரமான பாதை வளைந்து வளைந்து இறங்கியது. இரண்டாவது வளைவு தாண்டியதும் அவர் பாடுவது எனக்குக் கேட்டது. இத்தனை நாள் கூட ஓட்டியும் அவர் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. ஏறும்போது யாருக்கும் பாட மூச்சு இருக்காது, இறங்கும்போது அவர் எப்போதும் எனக்கு எட்டாத தூரத்தில் இருப்பார். அன்று நான் பிரேக்கைத் தளர்த்திவிட்டு அவருடைய சக்கரத்தை ஒட்டியே போனேன். பட்டிப்பொல ஸ்டேஷனில் நின்று தேத்தண்ணி குடித்தபோது அவருடைய கன்னங்கள் சிவந்து, உதடு மட்டும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் முதலில் செய்தி வந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு என்னோடு போனில் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "ஒம்பதாம் வகுப்புப் பேப்பர் லேப் அலுமாரியில இருக்கு, எடுத்துக் குடுத்துருங்க. என் சைக்கிள் செயினுக்கு எண்ணெ போட்டு வைங்க, மழையில துரு புடிச்சிரும்" என்றார். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. அது விடவில்லை. பேப்பரைக் கொடுத்துவிட்டேன், செயினுக்கும் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். அவர் வீட்டுக்கு வரவில்லை.

கணவர் உடலோடு முன் வண்டியில் இருந்தார். நான் மகளோடு பின்னால் வந்த வேனில் இருந்தேன். நுவரெலியா வழியாகத்தான் கொண்டுவந்தார்கள், அதனால் நானுஓயாவிலிருந்து லிந்துலைக்கு எங்கள் ஏற்றத்தில் இறங்கிவந்தோம். நாங்கள் பயந்து பயந்து பிரேக் பிடித்த வளைவுகளில் எல்லாம் டிரைவரும் வேகத்தைக் குறைத்தார். பாடசாலைக்குக் கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு ரோட்டு ஓரத்தில் வந்து நின்றிருந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. கத்திக் கத்திக் கேலி பேசும் அந்தப் பெண்கள் சத்தமில்லாமல் நின்றார்கள். ஒருத்தி மட்டும் தலைத்துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் கண்ணாடி வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இவங்க எல்லாருக்கும் அம்மாவத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

அதன் பிறகு பல மாதங்கள் நான் பஸ்ஸில்தான் போனேன். அந்த மதகைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன். மகள் இப்போது உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். அம்மாவின் சைக்கிளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாள், யாருக்கும் கொடுப்பதில்லை, ஓட்டுவதும் இல்லை. போன வருடத் தவணை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஏன் என்று எனக்கே தெரியாமல், என் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தேன். நானுஓயா ஏற்றத்தில் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனேன். யாரும் மேலிருந்து கூப்பிடவில்லை. இருந்தும் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தேன். அம்பேவெல தாண்டி, பட்டிப்பொலவுக்கு முன்னால் ஒரு கரட் தோட்டத்தின் அருகே, மூச்சு வாங்க நின்றேன்.

தோட்டத்துக்குள் குனிந்து கரட் பிடுங்கிக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தி நிமிர்ந்து, மண் அப்பிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வேலி அருகே வந்தாள். அவளை நான் பார்த்த ஞாபகம் இல்லை. அவள் எங்களைச் சனிக்கிழமை தவறாமல் பார்த்திருக்கிறாள். "அனித் அக்கா கோ?" என்று கேட்டாள். மற்ற அக்கா எங்கே?

"எயா நே" என்றேன். சிங்களத்தில் அதற்கு ஆள் இல்லை என்றும் அர்த்தம், வரவில்லை என்றும் அர்த்தம். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் வாயில் அது வரவில்லை. அவள் வரவில்லை என்றே எடுத்துக்கொண்டாள். இவ்வளவு நாளாக இரண்டு பேரையுமே காணோமே, சுகமில்லையோ என்று நினைத்தேன் என்றாள். அந்த அக்கா கையை ஆட்டிவிட்டுத்தான் போவார் என்றாள். அது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் பின்னால், முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவள் திரும்பிப் போய் இலையோடு இருந்த கரட்டை இரண்டு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அந்த அக்காவுக்கு என்று ஹேண்டிலின் இரண்டு பக்கமும் அவளே மாட்டிவிட்டாள். அடுத்த கிழமை அவரையும் வரச் சொல்லுங்கள் என்றாள்.

"ஹரி, கியன்னம்" என்றேன். சரி, சொல்கிறேன்.