ஜிகினா கேலக்ஸிக்கு வெளிச்சம் கிடையாது

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கொலுவில், படிகளுக்குக் கீழே வருஷா வருஷம் ஒரு பார்க் உண்டு. பார்க் என்றால் முளைவிட்ட கேழ்வரகில் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், குளத்தைவிடப் பெரிய வாத்து. போன நவராத்திரிக்கு அம்மா அந்த இடத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"என்னமோ அஞ்சு வருஷமா ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கியே, அதையே வச்சுடு. வரவா கேட்டா சொல்ல எனக்கும் ஏதாவது வேணுமோல்லியோ?"

குத்தல் எதற்கென்று தெரியும். என் ஆய்வேடு சித்திரையிலேயே முடிந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் என் கைடு படித்து, சரி என்று சொல்ல வேண்டும். புரட்டாசிவரை அவர் சொல்லவில்லை. கேட்டால் "பாத்துண்டிருக்கேன்மா" என்பார். புனேயில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். தூக்கம் போய், வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

சரி, கோபத்தை பார்க்கில் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு தாம்பாளம், இரண்டு கேலக்ஸி. பெரிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கும். ஜோடியில் ஒன்று முதலில் செத்துக் கருந்துளையாகி, பக்கத்தில் இருப்பதை உறிஞ்ச ஆரம்பிக்கும். உறிஞ்சப்படுவது சூடேறி எக்ஸ் கதிராக எரியும். கருந்துளைக்குக் கறுப்பு உளுந்து, துணைக்குக் கொண்டைக்கடலை என்று ஜோடி ஜோடியாக ஒட்டினேன்.

இனிமேல்தான் என் ஆராய்ச்சி. ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் உலோகம் என்போம். ஆக்ஸிஜன்கூட உலோகம்தான்; வேதியியல் படித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். உலோகம் அதிகமுள்ள நட்சத்திரம் தன் உடம்பைத் தானே காற்றாக ஊதி ஊதிக் கரைத்துவிடும். கடைசியில் மிஞ்சும் கருந்துளை சோனி, ஜோடியும் விலகிப் போயிருக்கும். உலோகம் குறைந்த நட்சத்திரம் அவ்வளவாக எதையும் விடாது. அதன் கருந்துளை குண்டு, துணையும் நெருங்கியே இருக்கும். அதனால் உலோகம் குறைந்த கேலக்ஸியில்தான் எக்ஸ் கதிர் அதிகம். இதுதான் மூன்றாம் அத்தியாயம். இதைத்தான் ஒரு மனுஷரால் இத்தனை மாசமாகப் படிக்க முடியவில்லை.

உலோகம் அதிகமுள்ள தாம்பாளத்தில் தங்கம், வெள்ளி, தாமிர நிறங்களில் ஜிகினாவைக் கொட்டினேன். மற்றதில் வெறும் கோலமாவு. சீரியல் லைட் வாங்க தி.நகர் போனேன். கண்ணுக்கே தெரியாத கதிருக்கு என்ன நிறம் வாங்குவது என்று கடை வாசலில் நின்று யோசித்தேன். "ஊதாதான் கீது, இன்னா சொல்றீங்கோ?" என்று கடைக்காரர் யோசனையை முடித்துவைத்தார். வீட்டுக்கு வந்து சரத்தைக் கோலமாவு கேலக்ஸியில் சுற்றி, வாலில் ஒன்றிரண்டு பல்பை மட்டும் ஜிகினா பக்கம் விட்டேன்.

அன்று சாயங்காலம் கைடும் அவர் மனைவியும் கொலுவுக்கு வந்தார்கள். நான் புடவை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, சார் சுண்டல் கிண்ணத்தோடு குனிந்து என் பார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஜிகினா கேலக்ஸி ஊதா ஊதாவாக ஜொலித்தது. கோலமாவு கேலக்ஸி இருட்டில் கிடந்தது.

"ஜிகினாவை இருட்டுல வச்சுட்டு வெறும் மாவுக்கு எதுக்குடி இத்தனை லைட்டு?" என்று அம்மா என் காதில் சொன்னாள். "மாத்திட்டேன். இப்போ எடுப்பா இல்லே?"

சார் நிமிர்ந்தார்.

"பிரமாதம்! மூணாவது அத்தியாயம் அப்படியே கண்ணு முன்னாடி நிக்கறது."

வெட்கக்கேடு, ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது.

"சார், இது தப்பு. நான் எழுதினது இதுக்கு நேர் எதிர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாடிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி சரணத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"ஒரு தரம் மேலோட்டமா பாத்ததுல..." என்று சார் சுண்டலிடம் சொன்னார்.

"ஒரு தரமும் இல்லே" என்றாள் அவர் மனைவி. "நம்மாத்து சாப்பாட்டு மேஜையிலன்னா கெடக்கு. அது மேலதானே தெனம் ரசப் பாத்திரத்தை வைக்கறேள்? அட்டையில வட்டம் வட்டமா கறை."

தாம்பூலத் தட்டை எடுத்த அம்மா அதை அப்படியே கீழே வைத்தாள். கொலுவுக்கு வந்த பெண் வெற்றிலைபாக்கு வாங்காமல் கிளம்புவது எங்கள் தெருவில் நடக்காத காரியம்.

"மாமிக்கு அப்பறமா தரேன். சார் படிச்சு முடிக்கட்டும்."

"எனக்கொண்ணும் அவசரமில்லே" என்று சாரின் மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் சுண்டல் போடுங்கோ." சார் கார் சாவிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். அது அவர் மனைவியின் கைப்பையில் இருந்தது.

என் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கொலுவுக்கு எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். முதலில் வேண்டாவெறுப்பாகப் புரட்டினார், பிறகு பென்சில் கேட்டார். புதிதாக வந்தவர்கள் படிகளைக் கும்பிட்டபோது, குறுக்கே இருந்த அவருக்கும் சேர்த்துக் கும்பிடு விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் சமையலறை வாசலில் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கத்தை மூடினார். எழுந்து போய் ஜிகினாமேலிருந்த சரத்தை மெதுவாகப் பிரித்து, கோலமாவு கேலக்ஸியில் சுற்றினார். வாலில் ஒன்றிரண்டு பல்பை மட்டும் ஜிகினா பக்கம் விட்டார். நான் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"நாளைக்கே சமர்ப்பிச்சுடும்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஒளியிழந்த ஜிகினாவை ஒருமுறை வருத்தமாகப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து நீட்டி, "மாமி, இப்போ எடுத்துக்கோங்கோ" என்றாள்.