எந்தக் கால்?

ஆளில்லாத லிஃப்டை ஐந்தாவது மாடிக்கு அனுப்பிவிட்டு, மூடிய கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார். அது மேலே போய் நின்று திரும்பக் கீழே வந்து சேரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. காய்கறிப் பையோடு நான் பின்னால் காத்திருக்கிறேன். கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து, யாருமில்லை என்பதை உறுதி செய்துகொள்கிறார். "நீங்கதானே காலியா அனுப்பினீங்க?" என்றேன். "நடுவுல யாராவது ஏறியிருந்தா?" என்றார்.

மாதம் ஒருமுறை எங்கள் குடியிருப்புக்கு வரும் லிஃப்ட் மெக்கானிக் இவர். அறுபத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, குறுகலான தோள். சாம்பல் நிறச் சீருடையில் கழுத்துவரை எல்லாப் பித்தான்களும் போட்டிருக்கும். கூட வேலை செய்பவர்கள் இவரைத் 'தகரம்' என்று கூப்பிடுகிறார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. இவரிடம் கேட்டால், "யார் உங்ககிட்ட சொன்னது?" என்று திருப்பிக் கேட்பார்.

இப்படியொரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. போன் அடித்தால் எடுப்பார், பேச மாட்டார். அந்தப் பக்கம் இருப்பவர் நாலு தடவை 'ஹலோ' சொல்லி, தான் யார், என்ன வேண்டும் என்பதையெல்லாம் ஒப்பித்த பிறகுதான் "சரி, சொல்லுங்க" என்பார். "முதல்ல பேசறவன்தான் மாட்டிக்குவான்" என்பது அவர் கட்சி. செல்போன் கேமராவைக் கறுப்பு டேப் ஒட்டி மூடி வைத்திருக்கிறார். லிஃப்டில் சத்தம் வருகிறது என்று புகார் சொன்னால், "சத்தம் வருதா, உங்களுக்குக் கேக்குதா?" என்று குறுக்கு விசாரணை நடக்கும். ஆறு பேர் ஏறலாம் என்று உள்ளே ஒட்டியிருக்கும் பலகையைக்கூட அவர் நம்புவதில்லை. "எந்த ஆறு பேர்? என்னை மாதிரி ஆறா, உங்க செக்ரட்டரி மாதிரி ஆறா?" என்பார்.

வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் பார்த்துக்கொள்ளும் எந்த லிஃப்டிலும் இதுவரை யாரும் நடுவில் மாட்டிக்கொண்டதில்லை.

நான் எழுதும் பத்திரிகையில் சென்ற மாதம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய விண்வெளிப் படங்களை மறுபடி எடுக்கலாமா, கூடாதா என்று பத்துப் பேரைக் கேட்டு எழுத வேண்டும். நாற்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் வந்து ஊரையே அழவைத்த ஒரு படத்தை ஒரு பெரிய கம்பெனி இப்போது திரும்ப எடுக்கிறது. அதனால் கிளம்பிய கேள்வி. படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு கோளில் விண்கலம் இறங்குகிறது. அதில் ஒரு விஞ்ஞானியும், 'எட்டு' என்ற இயந்திர மனிதனும். மார்பில் 8 என்று எழுதியிருக்கும். கடைசியில் கலத்தின் கதவு பழுதாகி, வெளியிலிருந்துதான் பூட்ட முடியும் என்று ஆகிவிடுகிறது. எட்டு இறங்கிப் பூட்டிவிட்டு, மணலில் தன்னந்தனியாக நடந்து போகிறது. போகும்போது லேசாக நொண்டும். தியேட்டரில் நானும் அழுதேன், என் அம்மாவும் அழுதாள். படத்தின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் 'எட்டு: தானே' என்று போட்டிருப்பார்கள். அது நிஜ இயந்திரம் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினோம்.

ஒன்பது பேரைக் கேட்டு முடித்துவிட்டேன். ஐந்து பேர் எடுக்கலாம், நாலு பேர் கூடாது. பத்தாவது ஆளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தகரம் வந்து சேர்ந்தார். கேட்டேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"அது ஏற்கெனவே மறுபடி எடுத்த படம்தான் மேடம்" என்றார்.

டீ போட்டுக் கொடுத்து உட்காரவைத்தேன். எதையும் பதிவு செய்யவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். டீ கொண்டுவந்த தட்டைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பட்டறையில் வேலை. எட்டின் உடம்பை அங்கேதான் செய்தார்கள். உள்ளே நுழைந்து நடிக்க வந்தவரின் தோள் நுழையவில்லை. "சுத்திமுத்திப் பார்த்துட்டு, 'நீ நுழை பார்க்கலாம்'னாங்க. நுழைஞ்சேன். நாப்பது நாள் வெளிய விடல." நிஜ இயந்திரம் என்று விளம்பரம் செய்யப்போவதால், மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். கடைசிக் காட்சியன்று, இடது பூட்ஸின் அடியிலிருந்து ஒரு திருகாணி கழன்று மேலே கிளம்பி உள்ளங்காலில் ஏறிவிட்டது. "கத்தினேன் மேடம். உள்ள இருந்து கத்தினா வெளிய கேக்காது. வெளிச்சம் போயிட்டிருக்கு, டைரக்டர் நட நடன்னு கையாட்டறாரு. நடந்தேன்."

படம் வெளியான வாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். கடைசிக் காட்சி வந்தது. சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"பார்த்தா, வலது கால் நொண்டுது."

செருப்பைக் கழற்றி இடது உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். நடுவில் பருப்பளவுக்கு ஒரு தழும்பு.

"புரியுதா? நான் நொண்டினது இந்தக் கால். அப்ப அது நான் இல்ல. நான் நடந்ததைத் தூக்கிப் போட்டுட்டு, வேற ஒருத்தன உள்ள விட்டு மறுபடி எடுத்திருக்காங்க. ஊரே அழுதது அவனைப் பார்த்து. இப்ப அவனையும் தூக்கிப் போட்டுட்டு எடுக்கறாங்களாம். எடுக்கட்டும், எனக்கென்ன?"

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். "இல்லன்னு சொன்னாலும் நம்பமாட்டேன், ஆமான்னு சொன்னாலும் நம்பமாட்டேன். அப்புறம் எதுக்குக் கேக்கறது?" என்று டீயைக் குடித்து முடித்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், நான் அவரை நம்பவில்லை. 'அந்தப் படத்துல அது நான்தான்' என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களைப் பத்திரிகைக்காரியாக நிறையவே பார்த்திருக்கிறேன். துருவிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். மணி அடித்ததும், ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "யாரு?" என்று கேட்டார்.

அவர் மனைவி சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொல்லாமலே புரிந்துகொண்டார். "இவரு பொய் சொல்ல மாட்டாரும்மா. பொய் சொல்லணும்னா, எதிராளி நம்புவான்னு ஒரு நம்பிக்கை வேணும். அது இவருக்குக் கிடையாது" என்றார். படத்தை மறுபடி எடுப்பதில் அந்த அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. கணவரைப் பார்த்து, "ஏங்க, முப்பது வருஷமான லிஃப்ட்டைக் கழட்டிட்டுப் புதுசு போடணும்னு நீங்கதானே எழுதிக் குடுக்கறீங்க? படத்துக்கு மட்டும் வேற சட்டமா? விண்கலத்தைக் கட்டின கயிறு தெரியுது, நம்ம பேத்தி சிரிக்கிறா" என்றார்.

"கழட்டறவனுக்கு எது கோளாறு, எது வேலைன்னு தெரியணும்ல?" என்றார் இவர். "தெரியாம கை வச்சா, கோளாறைப் புதுசுல மாட்டிட்டு, வேலை செஞ்சதைக் குப்பையில போட்டுருவான்."

வாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் இரண்டு சீருடைகளை அந்த அம்மா மடித்து முடித்திருந்தார்.

புதுப் படத்தின் உதவி இயக்குநரை எனக்குப் பழக்கம். முப்பது வயதுப் பெண், கெட்டிக்காரி. விஷயத்தைச் சொன்னேன். "மேடம், நான்தான் எட்டுன்னு இதுவரைக்கும் ஆறு பேர் வந்துட்டாங்க. இவர் ஏழு. சரி, கூட்டிட்டு வாங்க" என்றாள். இவரைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. வரமாட்டேன் என்றார், பிறகு, வந்தால் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வந்தபோது சீருடைக்குப் பதிலாக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலை படிய வாரியிருந்தது.

குளிரூட்டிய அறை. பெரிய திரையில், கணினியில் செய்த புது எட்டு மணலில் நடந்துகொண்டிருந்தது. நடை அசல் பழைய நடை. ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்திருக்கிறார்களாம். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "ஐயா, ஒரே ஒரு கேள்வி. எந்தக் கால்?"

"இடது."

மேஜையைச் சுற்றியிருந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் புன்னகையை மென்று விழுங்கினார். "படத்துல வலது கால்தானே ஐயா? ஒரு மாசமா ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்துட்டிருக்கோம்" என்றாள்.

"தெரியும்" என்று எழுந்துவிட்டார். தழும்பைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவின் மீட்டரையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி வந்தார். தேவையில்லாமல் ஒரு மனிதரை அழைத்துக்கொண்டு போய் அவமானப்படுத்திவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும், வெட்கத்துக்கு அடியில், ஒருவேளை ஆள் புளுகுகிறாரோ என்று ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அவரோடு பழகி எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது போலும்.

விடை துவைத்த துணியில் கிடைத்தது. பழைய படத்தை ஓடவிட்டுக்கொண்டே என் கணவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சி வந்தது. கலத்தின் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு நடந்து போகிறது. இந்தப் பக்கம் விஞ்ஞானி, அதைப் பார்க்கச் சகிக்காமல் நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். சட்டைப் பையில் பேனா. அந்தப் பை அவருடைய வலது மார்பில் இருந்தது. என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தேன். நாலு சட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பை இடப்பக்கம். படத்தைப் பின்னால் ஓட்டினேன். முந்தைய காட்சியில் அதே விஞ்ஞானி, அதே சட்டை, பை இடப்பக்கம்.

எனக்குத் தெரிந்த பழைய எடிட்டர் ஒருவருக்குப் போன் போட்டேன். கேட்ட மாத்திரத்தில் சிரித்தார். "ஃபிலிமை இடவலமாத் திருப்பிப் போட்டிருப்பாங்கம்மா. ஆள் கலத்தை விட்டு விலகிப் போகணும். எடுத்த பக்கத்துல பார்த்தா கலத்துக்கே திரும்பி வர்ற மாதிரி இருந்திருக்கும். திருப்பி ஒட்டினா சரியாப்போச்சு. மார்புல எட்டுதானே, எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டு. எவனுக்குத் தெரியப்போவுது?"

ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தப்பாகத்தான் தெரிந்திருந்தது. நாற்பத்து நான்கு வருடம்!

உடனே உதவி இயக்குநரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஐயோ" என்றாள். அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்பதாகவும், அவர் பெயரைத் திரையில் போடச் சொல்லிப் போராடுவதாகவும் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா மேடம், காலை மாத்த மாட்டாங்க. ஜனங்க மனசுல இருக்கறது வலது கால்தானே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருகாணி குத்தாத காலை அளந்து அளந்து நொண்டவைக்கப் போகிறார்கள். பத்திரிகைக்கு நான் எழுத வேண்டிய பதில் அப்போதும் எனக்குக் கிடைக்கவில்லை. எடுக்கட்டும் என்றும் சொல்ல வரவில்லை, கூடாது என்றும் சொல்ல வரவில்லை.

அடுத்த மாதம் அவர் வந்தபோது லிஃப்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன். என் போனில் அந்தக் காட்சியை நிறுத்திவைத்து, விஞ்ஞானியின் சட்டைப் பையைக் காட்டி, எடிட்டர் சொன்னதையும் சொன்னேன். அசைந்து கொடுக்கவில்லை. "எனக்கே பூ சுத்தறீங்களா? இப்பல்லாம் போன்ல எதை வேணும்னாலும் மாத்தலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். போனை வாங்கி, நான் ஏதாவது கைவரிசை காட்டியிருக்கிறேனா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, போனை லிஃப்டின் பின்சுவர்க் கண்ணாடிக்கு எதிரே பிடித்து ஓடவிட்டார்.

கண்ணாடியில் விஞ்ஞானியின் பேனா இடது மார்புக்கு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் எட்டு நடந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. இடது கால் நொண்டியது.

காட்சி முடிந்தது. அவர் போனைத் திருப்பித் தரவில்லை. "இன்னொரு தடவ" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓடவிட்டார். மேலே எந்த மாடியிலோ லிஃப்டுக்காக மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். படிக்கட்டு வழியாக யாரோ திட்டுவதும் கேட்டது. அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அவருடைய இடது குதிகால் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்து, எதன் மேலோ பட்டுவிடக் கூடாது என்பதுபோல அப்படியே நின்றிருந்தது.