லேசான வாசனை

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் புகார்ப் பதிவேட்டைக் கணினியில் பார்த்துக்கொள்வது என் வேலை. சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து யார் போன் செய்தாலும், அவர்கள் சொன்னதை அப்படியே டேட்டாபேஸில் ஏற்றிவிடுவேன்.

ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். ‘வாயுக் கசிவு’, ‘கேஸ் லீக்’, ‘துர்நாற்றம்’ மூன்றும் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் ‘லேசான வாசனை’ என்று மாற்றச் சொன்னார். ஒவ்வொரு புகாராகத் திறக்க வேண்டியதில்லை. பழைய சொல்லையும் புதிய சொல்லையும் கொடுத்து ‘ரீப்ளேஸ்’ என்று ஒரு வரி எழுதினால் மொத்தமும் மாறிவிடும். மூன்று வரி எழுதினேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது. நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

மறுவாரம் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மனு கொடுக்கத் தன் புகாரின் பிரதி வேண்டும், எழுத்து தெரியாது, படித்துக் காட்டு என்றார். அச்செடுத்துப் படித்தேன். ‘லேசான வாசனை வந்ததில் மகள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள்.’

அவர் கோபப்படவில்லை.

“வாசனைக்கு யாருனா மயங்கி வுழுவாங்களா நைனா? நான் இன்னா சொன்னேனோ அத்த படி.”

பழையபடி மாற்றிவிடலாம் என்று கணினி முன் உட்கார்ந்தேன். எதில் கசிவு இருந்தது, எதில் நாற்றம் இருந்தது, எது உண்மையிலேயே லேசான பெயின்ட் வாசனை என்று பிரிக்க வழியே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கியவன் நான்தான்.

அப்போது மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மீன் கவுச்சி தாங்கவில்லை, சீக்கிரம் அனுப்பு என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காரும்மா. இன்னொரு தபா சொல்லு, சொல்றத அப்டியே அடிக்கிறேன்.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நடந்த தேதியையும், முதல் பதிவில் வார்த்தையை மாற்றியவன் நான் என்பதையும் கீழே சேர்த்து, கையெழுத்தும் அலுவலக முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

மற்றவர்களின் புகார்கள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. அவர்கள் வீடுகளைத் தேடிப்போய்க் கேட்க எனக்கு இன்றுவரை முகமில்லை.