மாமன் வீட்டுக்கு மேலே இரண்டு விமானங்கள்

எனக்கு விமானத்தின் மேல் ஒரு ஆசையும் கிடையாது. என் பெரியம்மை மகன் விமானம் ஓட்டப் பழகப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அதனால் நானும் போனேன். இந்த வயதில் இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் இருவருடைய அம்மைகளும் கூடப்பிறந்தவர்கள். அவர்களுடைய ஒரே தம்பி, எங்கள் மாமன், கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் வயலும் களமுமாக இருந்தார். மாமனுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொள்ள எங்கள் இருவருக்குமே முறை உண்டு. ஆனால் மூத்த அக்காள் மகனுக்குத்தான் முதல் உரிமை என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். வயதில் நான் அவனைவிட மூன்று மாதம் மூத்தவன். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. என் அம்மை இளையவள், அத்தோடு முடிந்தது. தன் அம்மை முந்திப் பிறந்ததற்கு இவன் எதற்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான் என்று மீசை முளைக்கும் முன்பே எனக்கு வயிறு எரியும்.

சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். எதற்கும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓட வேண்டும். அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் கல்லூரி முடித்த பையன்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். துணி போர்த்திய, அடுக்கு இறக்கை வைத்த சின்ன விமானம். முன் இருக்கையில் ஆசிரியர், பின் இருக்கையில் மாணவன். மேலே கூரை கிடையாது. முதல் நாளே நான் சாப்பிட்டதையெல்லாம் வெளியே எடுத்தேன். அவன் இறங்கி வந்து, "சொகமா இருந்துலே மக்கா" என்றான்.

அவனைச் சீக்கிரமே தனியாகப் பறக்க விட்டுவிட்டார்கள். நான் இறக்கும்போது விமானம் மூன்று முறை துள்ளித்தான் நிற்கும். கோட்டயத்துக்காரரான ஆசிரியர் என்னைத் தவளை என்றே கூப்பிட்டார். அவன் இறங்கும்போதெல்லாம் நான் ஓடுபாதையின் ஓரத்தில் போய் நிற்பேன். சக்கரம் ஒரு தடவையாவது துள்ளட்டும் என்று தாணுமாலயனை வேண்டிக்கொள்வேன். துள்ளாது. சாமிகூட அவன் பக்கம்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போய்த் திரும்பினான். கையில் மாமன் வீட்டு முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒரு டப்பா நிறைய.

"தின்னுலே, அவளாக்கும் உருட்டினது" என்று நீட்டினான்.

எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அவன் யாரிடமும் அதிகம் பேசவில்லை. கல்யாணம் உறுதியாகிவிட்டது, அந்தத் தலைக்கனம் என்று நான் முடிவு கட்டினேன்.

அந்த வாரக் கடைசியில்தான் எங்களுக்கு நெடுந்தூரப் பயிற்சி. கடற்கரையோரமாகவே கன்னியாகுமரி வரை போய், மலையடிவாரத்தை ஒட்டித் திரும்பி வர வேண்டும். போகிறவனும் வருகிறவனும் எதிர்ப்படக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். அவன் தனியாக முதலில் கிளம்பினான். கொஞ்ச நேரம் கழித்து நானும் ஆசிரியரும் கிளம்பினோம்.

மணக்குடிக் காயலைத் தாண்டியதும் எனக்குப் புத்தி கெட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அவள் பார்க்காமல் போனால் நான் வாந்தியெடுத்துப் படித்ததெல்லாம் எதற்கு? கன்னிப்பூ நெல் அறுவடை நேரம். வீட்டில் எல்லோரும் களத்தில்தான் நிற்பார்கள். கடற்கரையை விட்டு மெல்ல உள்ளே திருப்பினேன். ஆசிரியர் மடியில் விரித்த வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பேசும் குழாயில் "எவிடெடா போகுந்நு?" என்று கேட்டார். கடற்காற்று தள்ளுகிறது, சரிசெய்கிறேன் என்றேன். அவர் மறுபடியும் படத்தில் குனிந்தார்.

குளம் தெரிந்தது. தென்னந்தோப்பு தெரிந்தது. களத்தில் வைக்கோல் பரப்பியிருப்பதும், பெண்கள் நிமிர்ந்து கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்ப்பதும் தெரிந்தது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு எதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். என் மூக்குக்கு நேரே, என் உயரத்திலேயே, இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். மலையடிவாரத்தில் போயிருக்க வேண்டியவன் இங்கேயும் எனக்கு முந்திவிட்டானே என்ற கோபம்.

நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலது பக்கம் திரும்ப வேண்டும். முதல் பாடமே அதுதான். என் கை இடது பக்கம் சாய்த்தது. இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளை எண்ணிவிடலாம் போல அவன் விமானம் என் வலப்புறம் கடந்தது. அவன் வாய் திறந்திருந்தது. அவன் எழுப்பிய காற்றில் என் விமானம் குலுங்கியது. ஆசிரியர் தலையைத் தூக்கியபோது இரண்டு விமானங்களும் இடது பக்கம் சாய்ந்தபடியே விலகிக்கொண்டிருந்தன. மீதி வழி முழுக்க ஆசிரியரே ஓட்டினார்.

இறங்கியதும் எங்கள் இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்தினார்.

"வலத்தோட்டல்லேடா திரியேண்டது? ரெண்டு பேரும் எதுக்கு இடத்தோட்டு திரிஞ்ஞது? ஒருத்தன் சரியாத் திரிஞ்சிருந்தா மூணு பேரும் செத்துப்போயிருப்போம்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூட விடுமுறையில் மாமனின் நெல்வண்டியை நாங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டுவோம். குளத்தங்கரைப் பாதையில் எதிரே வண்டி வந்தால் மாட்டை இடது பக்கம் ஒதுக்கித்தான் பழக்கம். அதே குளத்துக்கு மேலே, அதே பழக்கத்தில், இருவருமே வண்டி ஓட்டியிருக்கிறோம். நான் சிரித்திருப்பேன்; அவனைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"வழியை விட்டது யார்?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நாந்தான் சார்" என்று அவன் உடனே சொன்னான். "மாமன் வீட்ட ஒருக்க சுத்திப் பாக்கணும்னு போனேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். காற்று என்று மறுபடியும் முணுமுணுத்தேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மாமன் வீட்டுக்கு மேலே நான் எதற்காக வந்தேன் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும், "ஆமா சார், காத்து கூடுதலாக்கும்" என்றான்.

அன்று சாயங்காலமே அவனைப் பயிற்சியிலிருந்து நீக்கினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். நான் கையசைத்து வழியனுப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றிரவு போல நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை. இனி மாமன் யாரை மதிப்பார்? பாதியில் துரத்தப்பட்டவனையா, ஆகாயத்தில் போகிறவனையா?

எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. அடுத்த தை மாதம் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம்.

போகாமல் இருக்க முடியுமா? பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார்கள். அடைப்பிரதமன் பாயசம் வந்தது. அவன் பப்படத்தையும் பழத்தையும் அதில் போட்டுப் பிசைந்துகொண்டே என் காதருகில் குனிந்தான்.

"எலே, ஒண்ணு சொல்லுகேன், கோவப்படாத. அன்னைக்கு முந்திரிக்கொத்து கொண்டுவந்தேன்லா, அப்பமே மாமி கண்டிசனாச் சொல்லிட்டா, ஆகாசத்துல பறக்குறவனுக்கு எம்மவளக் குடுக்க மாட்டேன்னு. நானா விட்டுட்டு வந்தா பேடிச்சு ஓடி வந்துட்டான்னு ஊரே சிரிக்கும். எப்பிடி விடுகதுன்னு முழிச்சிட்டே கடைசியா ஒருக்க அவளுக்குக் காட்டிருவோம்னு வந்தேன். நீ வந்து எதிர நின்னுட்ட."

"நானும் வழிய விட்டு வந்தேன்னு நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உன்னையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாருல்லா? ரெண்டு பேரும் ஊர்ல நின்னா மாமன் யோசிக்க மாட்டாரா? நீ மூணு மாசம் மூத்தவன் வேற."

அந்த மூன்று மாதத்தை உலகத்தில் நான் ஒருவன்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எதிரில், பெண்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, அவன் பிரதமன் குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வெயிலில் நின்றபோது, "நானுந்தான் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவனை ஒழிப்பதற்காக வாயை மூடிக்கொண்டு, அவளை நானே அவனுக்குக் கட்டிவைத்தேன்.