இணையத்தில் திறந்து கிடந்த கோழி ஷெட்

கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லுக்கு வந்தபோது, என் தொழில் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை, அவர்கள் அனுமதியோடு, திருட வருகிறவன் பார்ப்பதுபோலப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்வது என் வேலை. அதெல்லாம் பேங்குகளுக்குத்தானே வேண்டும், முட்டைக்கும் லாரிக்கும் எதற்கு என்றார்கள். பழைய அலுவலகம் போட்ட துண்டு வேலைகளில் காலத்தை ஓட்டினேன்.

எனக்கென்று முதல் வேலை கொடுத்தவர், மோகனூர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்த ஓர் அக்கா. அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்தபோது நிலம் வேண்டாம், பண்ணையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அதைப் பெருக்கியவர். முட்டையை வளைகுடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே வாங்குகிறவர்கள், ஆர்டர் எடுக்கும் இணையதளம் பாதுகாப்பானதுதானா என்று சோதித்துச் சான்று கேட்டிருந்தார்கள்.

“ஒரு சர்ட்டிபிகேட்டு குடுத்துரு சாமி, போதும்” என்றார்.

சோதிக்காமல் தரமாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே, தன் பண்ணையின் பெயரில் இணையத்தில் இருக்கும் எதையும் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் வேலையில் முதல் கட்டம் வேவு பார்ப்பது. அதற்கான கருவிகளை உலகம் முழுக்க இருக்கும் என்னைப் போன்றவர்கள் எழுதி, உள்ளே இருக்கும் நிரலோடு பொதுவில் வைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். ஒரு கருவி, ஒரு தளத்தோடு சேர்ந்த பெயர்களையெல்லாம் பொதுப் பதிவுகளிலிருந்து திரட்டித் தரும். இன்னொன்று, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கணினியில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்லும்.

ஆர்டர் தளம், மின்னஞ்சல் ஆகியவற்றோடு ‘ஷெட்’ என்று தொடங்கும் ஒரு பெயரும் வந்து விழுந்தது. அக்கா அதைப்பற்றிச் சொன்னதேயில்லை. தட்டிப் பார்த்தேன். ஒரு வாசல் திறந்திருந்தது. பாஸ்வேர்டு கேட்காமலே ஒரு பக்கம் வந்தது. ஷெட் வாரியாக வெப்பம், தண்ணீர், லைட், ஃபேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பொத்தான். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்போது சித்திரை வெயில். அக்காவின் ஷெட்கள் நாலு பக்கமும் அடைத்தவை, உள்ளே காற்று ஃபேனால்தான். அது நின்றால் கோழிகள் கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

நேராகப் பண்ணைக்குப் போனேன். அக்கா நம்பவில்லை. தன் போனில் இருந்த ஷெட் ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்டு கேட்பதைக் காட்டினார். ஆப்புக்குப் பூட்டு இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் பக்கத்துக்குத்தான் இல்லை என்றேன். அதெப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கோழி விற்றுக் காலியாகி, கழுவிக்கொண்டிருந்த ஷெட் ஒன்று இருந்தது. அங்கே போய் நில்லுங்கள், நான் வெளியே ரோட்டிலிருந்து லைட்டை மட்டும் அணைக்கிறேன் என்றேன். அக்கா சம்மதித்தார்.

ரோட்டோரம் காரில் உட்கார்ந்து, பண்ணை வைஃபையைத் தொடாமல் லேப்டாப்பை என் போன் நெட்டில் இணைத்து, பொத்தானை அழுத்தினேன்.

“அணைஞ்சிருச்சு சாமி” என்றார் அக்கா போனில், மெதுவாக. பிறகு, “ஃபேனுமா?”

“ஃபேனும் இப்படித்தானுங்க அக்கா.”

மறுபடி லைட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டு, ஃபேனையும் லைட்டையும் இயக்கும் கன்ட்ரோலரை மாட்டிக் கொடுத்த டீலரை ஸ்பீக்கரில் கூப்பிட்டிருந்தார். அந்த முகவரி யாருக்கும் தெரியாது, தேடினாலும் கிடைக்காது என்றார் டீலர்.

“எனக்குக் கிடைச்சுதுங்களே. காசு குடுக்காம கிடைக்கற கருவியிலயே கிடைச்சுது” என்றேன்.

அதோடு நான் பார்த்த இன்னொன்றையும் சொன்னேன். அக்காவின் ‘ஷெட்’ பெயர் டீலருடைய தளத்தில்தான் போய் முடிந்தது. அந்தத் தளத்தின் பொதுப் பதிவில் ஜில்லா முழுக்க இருக்கும் பண்ணைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மற்ற பண்ணைகளை நான் தட்டிப் பார்க்கவில்லை, எனக்கு அனுமதியில்லை. ஆனால் மாட்டியவர் ஒருவரே.

அக்கா போனை வாய்க்கருகே கொண்டுபோனார்.

“ஏனுங்க, அவீங்களுக்கெல்லாம் நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுங்களா?”

டீலரே சொல்லிவிட்டார். அந்த வாரமே அவருடைய ஆட்கள் பண்ணை பண்ணையாகப் போய் அந்த வாசலை அடைத்தார்கள். நான் மறுபடி தட்டியபோது அக்காவின் பண்ணையிலிருந்து பதிலே வரவில்லை. பதில் வராத அந்தத் திரையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஆர்டர் தளத்தில் இருந்த சில்லறைக் குறைகளையும் சரிசெய்த பிறகு சான்றில் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா சொல்லிப் பண்ணைக்காரர்கள் பலர் தேடி வந்தார்கள். அப்புறம் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள், குமாரபாளையத்துத் தறிக்காரர்கள். பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாடி அறை பிடித்துப் பெயர்ப்பலகை மாட்டினேன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. நான் பயன்படுத்திய கருவிக்கு அந்த மாதிரிக் கன்ட்ரோலரை அடையாளம் தெரியவில்லை. வாசல் திறந்திருக்கிறது என்றதே தவிர, உள்ளே இருப்பது என்னவென்று சொல்லவில்லை. அதைக் கண்டுகொள்ளும் சில வரிகளை எழுதி, கருவியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். இரண்டு முறை திருத்தச் சொன்னார்கள். பிறகு ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில் என் வரிகளும் இருந்தன.

சில மாதம் கழித்துத் தென்னமெரிக்காவிலிருந்து, முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரிகளை வைத்துத் தன் வட்டாரத்தில் திறந்து கிடந்த ஒரு பண்ணையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டாராம், நன்றி என்றார். அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டு, “அங்க முட்ட என்ன வெல போகுதுன்னு கேட்டுச் சொல்லு சாமி” என்றார்.