வயித்துல வெடிச்ச சுவரொட்டி

அட, செத்துப்போனது எங்க அக்கா இல்லம்மா, நானேதான்! நல்லாப் பாரு. அந்தப் படத்துல இருக்கிற மூக்குத்தியும் இந்த மூக்குத்தியும் ஒண்ணுதானே? குடி வந்து நாலு நாள்கூட ஆவல, உன் வூட்டுச் செவுத்துல ஒட்டியிருக்கிற சாவுப் போஸ்டரப் பார்த்துட்டு, "உங்க அக்காங்களா, எப்பத் தவறுனாங்க"ன்னு துக்கம் விசாரிக்க வந்தியே, உன் மனசுக்கு நீ நல்லா இருக்கணும். உக்காரு. டீ ஆறுதுன்னா ஆறட்டும், இதக் கேட்டுட்டுப் போ.

போன பங்குனிப் பௌர்ணமி. பௌர்ணமின்னா இந்த அடி அண்ணாமலையில கால் வைக்க எடம் இருக்காது, நீயே பார்க்கப் போற. மலை சுத்துற ஜனம் மத்தியானத்துலயே வர ஆரம்பிச்சிடும். நானும் எங்க வூட்டுக்காரரும் ரோட்டோரம் சுண்டல் கடை போடுவோம். அதுக்குன்னே ஒரு பெரிய குக்கரு வச்சிருந்தேன், கல்யாணத்துக்குச் சமைக்கிற சைசு. என் மருமவ அப்பவே சொன்னா, "அத்தே, அந்தக் குக்கர எங்கனா காட்டி ரிப்பேரு பண்ணுங்க"ன்னு. நான் கேக்கல. மருமவ சொல்லி மாமியாரு கேட்டுட்டா அப்பால என் மரியாதை என்னாவறது?

அன்னிக்குன்னு பார்த்து விசிலே வரல. ஆவி போற ஓட்டையில கடலைத் தோலு போயி அடைச்சினு இருந்திருக்கு. எனக்கு என்னா தெரியும்? இன்னும் வேகலன்னு நெனச்சிக்கினு கரண்டியால மூடி மேல ரெண்டு தட்டு தட்டினேன். டமார்! மூடி தார்ப்பாயைக் கிழிச்சினு மேல போயிடுச்சு. குக்கரு எகிறி வந்து எடது பக்கம், இங்க பாரு, விலாவுக்குக் கீழ ஒரு இடி. நான் அந்தாண்ட போயி உக்காந்துட்டேன். கண்ணத் தொறந்தா ஜனத்து மேலெல்லாம் கடலை மழை. காவி வேட்டி கட்டின ஒருத்தரு, தலையில வுழுந்த கடலைய எடுத்து வாயில போட்டுனு, "பாட்டி, உப்பு கம்மி"ன்றாரு! சிரிச்சேன் பாரு, அப்படி ஒரு சிரிப்பு.

வெளிய காயமே இல்லடியம்மா. கையில ஒரு கொப்புளம், விலாவுல கொஞ்சம் செவப்பு, அவ்ளோதான். எழுந்து சிதறின கடலையக் கூட்ட ஆரம்பிச்சிட்டேன். கொஞ்ச நேரத்துல எடது தோளு வலிச்சுது. அடி பட்டது வயித்துல, தோளு ஏன் வலிக்குது? தண்ணிக் கொடம் தூக்கினதுன்னு தைலம் தடவினேன். அப்பால தலை சுத்திச்சு. எல்லாரும் மலையச் சுத்துறாங்க, எனக்கு மட்டும் மலை என்னைச் சுத்தி வருது! அதுக்கும் சிரிச்சேன். சிரிச்சினே வுழுந்துட்டேனாம்.

அந்தக் கூட்டத்துல ஆட்டோ நகருமா? உப்பு கம்மின்னாரே அதே மனுசன்தான் வேட்டிய மடிச்சிக் கட்டினு, "வழி வுடுங்க, வழி வுடுங்க"ன்னு முன்னால ஓடினாராம். அவரு மட்டும் இல்லன்னா இந்தப் போஸ்டரு நெசமாவே ஆயிருக்கும். அவரு யாரு, எந்த ஊருன்னு இன்னி வரைக்கும் தெரியல. வந்தாருன்னா உப்பு ஜாஸ்தியாப் போட்டு ஒரு பொட்டலம் தரணும்.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா, வயித்துக்குள்ள ரத்தம் ரொம்பிக் கெடக்குதாம். நர்ஸம்மா வெளிய வந்து எங்க வூட்டுக்காரர்கிட்ட, "மண்ணீரல் வெடிச்சிடுச்சுங்க, எடுத்துடணும், ஆபத்தாத்தான் இருக்குது"ன்னாங்களாம். இவரு பேந்தப் பேந்த முழிச்சிருக்காரு. "கறிக்கடையில சுவரொட்டின்னு குடுப்பாங்களே, அதுங்க"ன்னு வெளக்கினாங்களாம். அது நமக்குத் தெரியாதா? என் மருமவ முழுவாம இருந்தப்ப ரத்தம் ஊறணும்னு எத்தினி சுவரொட்டி சுட்டுக் குடுத்திருப்பேன்! எனக்கும் அப்படி ஒண்ணு உள்ள இருக்குதுன்னுதான் தெரியாது.

இவரு உடனே தம்பிக்குப் போன் போட்டிருக்காரு. அழுவ அழுவ, "டேய், உங்க அண்ணிக்குச் சுவரொட்டிடா... சுவரொட்டி..."ன்னாராம். அதுக்கு மேல வாய் வரல, போன வச்சிட்டாரு.

என் கொழுந்தனாரு வேலை பார்க்கிறது டவுன்ல பிரஸ்ல. கறி வாசமே ஆவாது அவருக்கு, வருசா வருசம் மாலை போடுறவரு. கறிக்கடைச் சுவரொட்டிய அவரு எங்க கண்டாரு? அவருக்குச் சுவரொட்டின்னா ஒண்ணே ஒண்ணுதான், செவுத்துல ஒட்டுறது. அண்ணி போயிட்டாங்க, அண்ணன் போஸ்டரு அடிக்கச் சொல்றாருன்னு நெனச்சிட்டாரு! பாவம், அழுதுனே அடிச்சி, காலையில பசை வாளியத் தூக்கினு வழியெல்லாம் ஒட்டினு, ஒரு ரோசா மாலைய வாங்கினு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு.

நான் அப்பத்தான் கண்ண முழிச்சி நர்ஸம்மாகிட்ட, "என் சுவரொட்டிய எங்க வச்சீங்க"ன்னு கேட்டுனு இருக்கேன். வாசல்ல மாலையோட கொழுந்தனாரு. என்னைப் பார்த்தாரு. "அண்ணி"ன்னாரு. அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "மாலையெல்லாம் உள்ள கொண்டாரக் கூடாதுங்க"ன்னு நர்ஸம்மா ஒரு அதட்டு. நான் என்னா நெனச்சேன்? பொழைச்சதுக்கு மாலை போட வந்திருக்காருன்னு, "போடுங்க தம்பி"ன்னு தலைய நீட்டுறேன்!

போஸ்டரு ஒட்டின சேதிய ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. வூட்டுக்கு அனுப்புறப்ப டாக்டரம்மா, "மண்ணீரல் இல்லாத ஒடம்புங்க, இனிமே காச்சல் வந்தா கஷாயம் வச்சிக் குடிச்சினு உக்காராதீங்க, நேரா இங்க ஓடி வந்துடணும்"னாங்க. தலை ஆட்டிட்டு ஆட்டோவுல வரேன், செவுத்துக்குச் செவுரு என் மூஞ்சி! செங்கம் ரோட்டு ரூம்ல தங்கியிருந்த வெள்ளக்காரம்மா, சுண்டல் தின்னுனே எடுத்த படம். பூ வச்சினு, வாயெல்லாம் பல்லா நான். "என்னாங்க, எனக்கு வரவேற்பெல்லாம் ஒட்டியிருக்காங்க!"ன்னேன். எங்க வூட்டுக்காரரு அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு. எனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியாதே. ஆட்டோக்காரரு திரும்பிப் பார்த்துட்டு, "பாட்டி, நீங்க செத்துட்டதாப் போட்டிருக்குது"ன்றாரு!

தையல் பிச்சிக்கும் போல சிரிச்சேன்டியம்மா. "வேற என்னா போட்டிருக்குது, படிப்பா"ன்னேன். "முகம் கோணாத எங்கள் அண்ணி"ன்னு போட்டிருக்காம். இருக்கிறப்ப ஒரு நாள் சொல்லியிருப்பாரா அந்த மனுசன்? காப்பியில சக்கரை கம்மின்னு வேணா சொல்லுவாரு.

கீழ ஒட்டினதையெல்லாம் பசை வாசத்துக்கு மாடு தின்னுடுச்சு. உன் வூட்டுச் செவுத்துல, ஒசரத்துல தகரக் கூரைக்கு அடியில இருக்கிறது ஒண்ணுதான் மிச்சம். எனக்கு அது இருந்துட்டுப் போவட்டும்னு இருக்குது, அவ்ளோ நல்ல படம் எனக்கு வேற இல்ல. ஆனா எங்க வூட்டுக்காரருக்கு ஆவல. நேத்து பால் சொம்போட வந்தவரு, அதப் பார்க்கக் கூடாதுன்னு ரோட்டுக்கு அந்தாண்டப் பக்கமாப் போறதப் பார்த்தேன். "நீ சிரிக்கிற, எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசல்தான் கண்ணு முன்னால வருது"ன்னாரு. அதான் கொழுந்தனார வரச் சொல்லி, ஒட்டின கையாலயே...

ஐயய்யோ, அந்தாண்ட சொர சொரன்னு கேக்குது பாரு! வந்துட்டாரு போல, தண்ணி போட்டு ஊற வைக்காமலே சுரண்டுறாரு. கொழுந்தனாரே, நில்லுங்க! எழுத்த மட்டும் சுரண்டுங்க, மூஞ்சிய உட்டுடுங்க! அந்த வாளிய இப்படிக் குடும்மா, தண்ணி மொண்டுனு ஓடணும்.