லீற்றிம்காரி

மெல்பேர்ணில் எந்தத் தமிழ்க் கலியாணவீட்டுக்குப் போனாலும் அந்தக் கேள்வி வந்துவிடும்.

“நீங்கள் ஊரிலை எவடம்?”

“அப்பா அளவெட்டி, அம்மா மானிப்பாய்” என்று சொல்லி அருந்ததி தப்பிவிடுவாள். அது பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு இடங்களையும் அவள் ஐம்பது வயதுக்குப் பிறகு, ஒரே ஒருமுறை காரில் போய்ப் பார்த்ததுதான். அவள் வளர்ந்தது அயர்லாந்தில், லீற்றிம் மாவட்டத்து ட்ரம்கீல் என்ற சிற்றூரில். அதைச் சொன்னால், “அது லண்டனுக்குப் பக்கத்திலையோ?” என்பார்கள். பிறகு பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும்.

அப்பா சபாரத்தினம் அங்கே ஆஸ்பத்திரி டொக்டராகப் போனபோது அவளுக்கு மூன்று வயது. ஓயாத தூறல், சேற்று நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் எரியும் வாசம், சனிக்கிழமை பங்கு மண்டபத்து டான்ஸ். அவளுக்கு ஊர் என்றால் அதுதான்.

ட்ரம்கீலில் அப்போது அரசாங்கத் தொலைக்காட்சிக்கு மேல் எதுவும் எட்டாது. அப்பாதான் கூரையில் ஏறி, வடக்குப் பக்கம் பார்க்க உயரமாக ஓர் அன்ரனா நட்டார். படத்தில் பனி கொட்டும். ஆனாலும் எல்லைக்கு அப்பால், பிரித்தானியாவின் வட அயர்லாந்திலிருந்து, வியாழன் பின்னேரப் பாட்டு நிகழ்ச்சி வந்துவிடும். ஊரில் ஒரேயொரு கறுத்தக் குடும்பத்தின் வீடு, வியாழனில் பெட்டைகளால் நிறைந்தது. அடுத்த பண்ணை நோரீன் சீனித் தண்ணீரால் தலைமயிரை நிமிர்த்திக்கொண்டு வருவாள். அம்மா இரஞ்சிதம் வாய்ப்பன் சுட்டுக் கொடுப்பாள். அருந்ததி கசெற் றெக்கோடரை ரி.வி.க்குக் கிட்டப் பிடித்துப் பாட்டைப் பதிவாள். ஒரு பாட்டின் நடுவில் “அருந்ததி, அடுப்பை நிப்பாட்டு” என்று அம்மாவின் குரலும் பதிந்துவிட்டது. நோரீன் அந்த வரியையும் சேர்த்தே பாட்டைப் பாடமாக்கினாள்.

நோரீனின் தாய் பிரிடிக்கு இது பிடிக்கவில்லை. டொக்டர் வீட்டில் பிள்ளைகள் அரைகுறை உடுப்புக்காரரைப் பார்க்கிறார்கள் என்று பங்குச்சாமியாரிடம் முறையிட்டாள். அடுத்த வியாழன் சாமியார் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வாய்ப்பன்களை ஒவ்வொன்றாகத் தின்றபடி முடியும்வரை பார்த்தார். எழும்பும்போது, “அந்த கிற்றார்க்காரன் பரவாயில்லை” என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த கிழமை பிரிடியும் வந்து பின்வரிசையில் இருந்தாள். பிறகு ஒரு வியாழனும் அவள் தவறவிட்டதில்லை.

அருந்ததிக்குப் பதினேழு வயதானபோது அப்பாவுக்கு மெல்பேர்ணில் வேலை கிடைத்தது. “அங்கை எங்கட ஆக்கள் இருக்கினம். கோயிலும் இருக்கு” என்று அம்மா சந்தோசப்பட்டாள். எங்கட ஆக்கள் இங்கேதானே இருக்கிறார்கள் என்று அருந்ததி நினைத்தாள். அந்த வருடமே நோரீனும் வேலை தேடி லண்டனுக்குப் போனாள். அவள் பிறகு ட்ரம்கீலுக்கே திரும்பிவிட்டாள். அருந்ததி மெல்பேர்ண் ஓரத்துக் கிரான்பர்னில் மருந்துக்கடை வேலை, வீடு, பிள்ளை என்று நின்றுவிட்டாள். கணவர் சிறிதரனுக்கு ஊர்ச் சங்கம் இருந்தது. வருடாவருடம் ஒன்றுகூடல், பெயர் போட்ட ரீசேட். அங்கே போய் அவள் பழம் வெட்டிக் கொடுப்பாள். அவளுக்குச் சங்கம் இல்லை.

நோரீன்தான் போனில் ஊரைச் சொல்லுவாள். கடைசிச் சாராயத் தவறணையும் பூட்டியாயிற்று. பள்ளிக்கூடத்தில் பாதி பிரேசில் பிள்ளைகள். தாய் தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில். விவாகரத்து, கருக்கலைப்பு என்று, முன்பு பாவமெனக் குசுகுசுத்ததற்கெல்லாம் இப்போது சனமே வோட்டுப் போட்டு அனுமதித்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் சாமியாராகப் போவதில்லை. புதிதாக வந்திருப்பவர் சிவகங்கைத் தமிழர், ஃபாதர் சவரிமுத்து.

கொரோனாக் காலத்தில் பொருத்திய கமராவால் ட்ரம்கீல் தேவாலயப் பூசை இணையத்தில் வரும். அங்கே ஞாயிறு காலை, இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அருந்ததி லப்ரொப்பைத் திறந்துவைத்து இருப்பாள்.

“வேதக்காரியா மாறப்போறீரோ?” என்று சிறிதரன் ஒருநாள் பகிடியாகக் கேட்டார்.

“இல்லை. ஆர் ஆர் வருகினம் எண்டு பாக்கிறன்.”

பூசை தொடங்கியதும் பெரும்பாலும் மூடிவிடுவாள். சனம் வந்து, கோட்டு ஈரத்தை உதறி, இருமி, தங்கள் வழக்கமான இடத்தில் உட்காருவதுதான் அவளுக்கு வேண்டியது.

போன ஓகஸ்ற்றில் பிரிடி செத்துப்போனாள். செத்தவீட்டுப் பூசையை அருந்ததி கமராவில் பார்த்தாள். ஃபாதர் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்தார். சில சொற்களில் லீற்றிம் இழுவை வந்திருந்தது. முடிக்கும் முன் நிமிர்ந்து, நேரே கமராவைப் பார்த்தார்.

“அருந்ததி அக்கா, நீங்க பாத்துட்டு இருப்பீங்கன்னு நோரீன் சொன்னாங்க. உங்க வீட்டு டிவிய பத்தி பிரிடியம்மா எங்கிட்ட நெறைய சொல்லியிருக்காங்க. இன்னைக்கு நீங்க இங்க இருந்திருக்கணும்.”

சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். தேவாலயத்தில் ஒருவரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஊர்க் கடையில் அம்மா தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்துவாள். அருந்ததியோ பதிலே சொல்லமாட்டாள். இப்போது அங்கே தமிழ் உரக்கக் கேட்கிறது. அவள்தான் அங்கே இல்லை.

“ஓம், ஃபாதர்” என்றாள் திரையைப் பார்த்து.

சிறிதரன் குசினியிலிருந்து வந்தார். ஏன் அழுகிறீர் என்று கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவளருகில் இருந்தார்.

“ஆர் அந்தப் பச்சைக் கோட்டு மனிசி?”

“நோரீன். பக்கத்திலை அவளின்ரை தம்பி. அந்த மொட்டைத்தலை எங்களோட படிச்சவன், டான்ஸிலை ஒருத்தரையும் கேக்கப் பயந்து சுவரோட நிப்பான்.”

இத்தனை வருடத்தில் அவர் கேட்டது இதுதான் முதல்தடவை. அவள் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். சவப்பெட்டியைத் தூக்கினார்கள். சனம் பின்னால் போனது. கமரா வாசலைத் தாண்டிப் பார்க்காது.

“அடக்கம் செய்யிற சவக்காலை எந்தப் பக்கம்?” என்று அவர் கேட்டார்.

“பின்னாலை. பாலத்தைக் கடந்து ஏறோணும். மழைக்கு வழுக்கும்.”

ஆளில்லாத வாங்கு வரிசைகள் திரையில் தெரிந்தன. பெட்டியோடு போனவர்கள் சவக்காலைக்கு ஏறி முடிக்கும்வரை இருவரும் அப்படியே காத்திருந்தார்கள்.